நெல்லைத் தொடாத வண்டு

வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் என் அத்தை ஒரு கார்த்திகை மாதத்தில் போன் செய்தார். "தம்பி, சாப்பாட்டு நெல்லு மூட்டையில பூரா வண்டுடா. பொடிப்பொடியா ஓடுது. வரும்போது மாத்திரை வாங்கிட்டு வந்துடு" என்றார். மாத்திரை என்று அவர் சொன்னது, நெல் கிடங்குகளில் புகைமூட்டம் போடப் பயன்படுத்தும் அலுமினியம் பாஸ்பைடை. அதை வாங்கவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கூடத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. பதினோரு மூட்டைகள் சுவரோடு சுவராக அடுக்கியிருந்தன. ஒரு மூட்டையைப் பிரித்து இரண்டு கை நெல்லை முறத்தில் போட்டு, நாள்காட்டியில் கிழித்த தாளின் வெள்ளைப் பக்கத்தில் லேசாகப் புடைத்தோம். பதரும் தூசியும் விழுந்தன. கொஞ்சம் பொறுத்தபோது அந்தத் தூசியில் சில நகர ஆரம்பித்தன. கேழ்வரகு மணியின் நீளம், அதில் பாதி அகலம், வெல்லப்பாகு நிறம். ஓடுகிறது என்று அத்தை சொன்னது கொஞ்சம் மிகைதான். அது நடந்தது, அதுவும் அவசரமே இல்லாமல்.

நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு மணியிலும் துளை இல்லை. நகத்தால் உமியை உரித்தால் உள்ளே அரிசி முழுசாக இருந்தது. மூட்டைக்கு அடியில் மாவும் கொட்டவில்லை. "அப்ப இது என்னத்தத்தான் திங்குது?" என்று அத்தை கேட்டார். சுவரை ஒட்டிக் கிடந்த அடிமூட்டையைப் புரட்டினோம். சாக்கின் அடிப்பக்கத்தில், கைக்குட்டை அகலத்துக்குச் சாம்பல் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. வண்டுகள் அங்கேதான் மொய்த்துக் கிடந்தன.

இந்த வண்டு லாட்ரிடியிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு. பெரும்பாலானவை 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளம்தான். பூச்சியியல்காரர்கள் ஆங்கிலத்தில் இதை 'மினிட் பிரவுன் ஸ்கேவஞ்சர் பீட்டில்' என்பார்கள். குட்டி, பழுப்பு, குப்பை தின்னும் வண்டு என்று பொருள் வரும். முதல் இரண்டு சொல்லும் சரி. மூன்றாவது சொல் அந்த வண்டுக்குச் செய்த அநியாயம். அது குப்பையைத் தின்பதில்லை, குப்பையின் மேல் வளரும் பூசணத்தின் வித்துகளையும் இழைகளையும் தின்கிறது. தமிழில் இதற்கென்று தனிப்பெயர் எதையும் நான் கேட்டதில்லை. வயலில், களத்தில், வீட்டில் இதைப் பார்க்கும் எல்லோரும் 'வண்டு' என்று சொல்லி, கூன்வண்டோடும் மாவு வண்டோடும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். தொந்தரவு அங்கேதான் தொடங்குகிறது.

நெல்லைத் தின்னும் வண்டுகளை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. அரிசிக் கூன்வண்டுக்கு யானைத் துதிக்கை மாதிரி முன்னால் நீண்ட மூக்கு இருக்கும். பெண் வண்டு மணியில் குழி தோண்டி முட்டை வைக்கும், புழு உள்ளேயே வளர்ந்து வண்டாகி, துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். நெல் துளைப்பான் உருளையாக இருக்கும், தலை கீழே குனிந்து கழுத்துக்குள் மறைந்திருக்கும், போன இடமெல்லாம் மாவாக உதிர்க்கும். சிவப்பு மாவு வண்டு உடைந்த அரிசியையும் தவிட்டையும் தேடி வரும். அந்துப்பூச்சி வண்டே இல்லை, சின்ன வைக்கோல் நிற அந்து. இவை எல்லாவற்றுக்கும் நெல்லோ அரிசியோ நேரடி உணவு. நம் பழுப்பு வண்டுக்கோ நெல்மணி வெறும் தரை. அந்தத் தரையில் பயிர் விளைந்திருந்தால்தான் அதற்குச் சாப்பாடு.

லென்சில் பார்த்தால் இதன் அழகு தெரியும். தலையும் மார்பும் ஒடுங்கி, பின்பாதி அகன்று, சின்னத் தம்பூராவைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். முதுகை மூடியிருக்கும் கெட்டிச் சிறகில் வரிசை வரிசையாகக் குழிகள், நாற்று நட்ட வயல்போல ஒழுங்காக. உணர்கொம்பின் நுனியில் இரண்டு மூன்று கணுக்கள் மட்டும் தடித்துக் குண்டாந்தடி போல முடியும். சில இனங்கள் உடம்பிலிருந்து மெழுகு போன்ற ஒன்றைச் சுரந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும். அதன் மேல் தூசி ஒட்டிக்கொண்டால் பக்கத்தில் நின்று பார்த்தாலும் வண்டு என்று தெரியாது. புழு வெளுப்பு, உடம்பெல்லாம் மயிர். முட்டையிலிருந்து வண்டாவதற்கு எத்தனை நாள் என்பதை வெப்பம்தான் தீர்மானிக்கும். டயனரெல்லா ஃபைலம் என்ற இனத்துக்கு 24 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும், 18 டிகிரியில் ஏழெட்டு வாரம். நம் ஐப்பசி, கார்த்திகை வீட்டுக்குள் 24 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். மழை பிடித்து ஒரு மாதம் கழித்து திடீரென்று வண்டு தெரிவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். மழையோடு வந்த பூசணம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதைத் தின்று ஒரு தலைமுறை வண்டு வளர்ந்து, நம் கண்ணில் படுவதற்குள் கார்த்திகை பிறந்துவிடுகிறது.

அத்தை வீட்டு அறையில் நடந்ததைப் புரிந்துகொள்ள 'ஓதம்' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். இலக்கியத்தில் ஓதம் என்றால் கடல் அலை, கடலின் ஏற்றம். எங்கள் ஊரில் ஓதம் என்றால் சுவரில் ஏறும் ஈரம். "அந்த ரூம்ல ஓதம், துணி வைக்காதே" என்பார்கள். டெல்டாவில் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடும். தலைமாட்டில் ஆறு, வாசலில் வாய்க்கால், கொல்லையில் குளம், நான்கு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல். சம்பா நட்ட பிறகு நிலத்தடி நீர் மேலேறி வந்து நிற்கும். செங்கல் அதை விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல உறிஞ்சும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் அந்தத் தண்ணீரில் உப்பும் சேர்ந்துகொள்ளும். உப்பு ஏறிய சுவர் காற்றிலிருக்கும் ஈரத்தையும் பிடித்து வைக்கும், வெயில் அடித்தாலும் காயாது. சுவர் பொரிந்து, விரல் பட்டால் மாவாக உதிரும். அந்தச் சுவரில் நெல் மூட்டையைச் சாய்த்து வைப்பதும் ஈரத்துணியில் போர்த்தி வைப்பதும் ஒன்றுதான்.

இது சுவர் செய்கிற பாதி வேலை. மீதியை நெல்லே கொண்டு வருகிறது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால், குறுவை புரட்டாசியிலிருந்து ஐப்பசிக்குள் அறுப்புக்கு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான். டெல்டாவின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதத்தில் கொட்டுகிறது. "ஐப்பசி, கார்த்திகை அடைமழை" என்று சும்மா சொல்லவில்லை. முன்பு ஆள் வைத்து அறுத்தபோது அரிந்த தாள் வயலிலேயே ஓரிரு நாள் காயும், அப்புறம் களத்தில் கட்டடித்து, தூற்றி, வெயிலில் பரப்பி, கடைசியில்தான் வீட்டுக்கு வரும். இப்போது அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் வயலையே வழித்துக் கொடுத்துவிடுகிறது. காய்கிற இடைவெளியும் அதோடு போய்விட்டது. பச்சை ஈரத்தோடு இருக்கிற நெல்லைத் தார்ப்பாயில் கொட்டி, மழை வந்தால் மூடி, நின்றால் திறந்து, கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடப்பது குறுவை விவசாயியின் வாடிக்கை.

இந்தச் சிக்கல் அறிவியல் உலகத்துக்கும் தெரியாததில்லை. இன்று தஞ்சாவூரில் பெரிய வளாகமாக நிற்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறிய ஆய்வகமாகத்தான் தொடங்கியது. மழையில் நனைந்து வரும் குறுவை நெல்லை என்ன செய்வது என்ற கேள்விதான் அதற்கு வித்து.

ஈரப்பதம் என்ற எண்ணைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை வாங்கலாம் என்பது விதி. மழை மிஞ்சிய ஆண்டுகளில் மத்திய அரசு அதைத் தளர்த்துவதுண்டு. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை, 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிய மழைக்குப் பிறகு டெல்டாவில் 20 சதவீதம் வரை அனுமதித்தார்கள். கொள்முதலுக்கு அது நியாயம்தான், விவசாயி என்ன செய்வார்? ஆனால் வீட்டில் மாதக்கணக்கில் வைத்திருக்கும் நெல்லுக்கு 17 என்பது பாதுகாப்பான எண் இல்லை. சில மாதம் வைக்க 14-க்குள் இருக்க வேண்டும். ஒரு பருவம் தாண்டி விதைக்கு வைக்க 13-க்கு மேல் போகக் கூடாது. 40 கிலோ மூட்டையில் 17 சதவீதம் என்றால் 6.8 கிலோ தண்ணீர். அதை 14-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம் தண்ணீர் வெளியேற வேண்டும். 20 சதவீதத்தில் வந்த மூட்டையிலிருந்து 2 கிலோ 800 கிராம். பதினோரு மூட்டைக்கு இரண்டு குடத் தண்ணீர். ஜன்னல் இல்லாத அறையில் அது எங்கே போகும்?

எங்கேயும் போகாது, நெல்லுக்கு இடையில் உள்ள காற்றில்தான் நிற்கும். 14 சதவீத நெல்லைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 17 ஆனால் அது 80-ஐத் தாண்டிவிடும். ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற கிடங்குப் பூசணங்களுக்கு அது போதும். பூசணம் மூச்சு விடும், மூச்சில் வெப்பமும் தண்ணீரும் வரும், அந்தத் தண்ணீரில் இன்னும் பூசணம் வளரும். மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள். நடுவில் வெதுவெதுப்பாக இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. கூடவே ஒரு மக்கல் வாடை. அத்தை வீட்டில் அந்த வாடை இருந்தது. 'பழைய நெல் வாசம்' என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வண்டு வருவது இதற்கெல்லாம் பிறகு. அதற்கு ஈரமான காற்று வேண்டும், பூசணம் வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் அதனால் வாழ முடியாது. பூசணம் தின்னும் வேறு வண்டுகளும் ஈர நெல்லுக்கு வரும், புத்தகப் பேன் என்று சொல்லும் மெல்லிய வெளிர் பூச்சியும் வரும். பேன் குடுகுடுவென்று ஓடும், நசுக்கினால் ஈரமாக இருக்கும். பழுப்பு வண்டு நெறிபடும். அத்தை ஓடுகிறது என்று சொன்னதைப் பார்த்தால் அவர் வீட்டில் இரண்டும் இருந்திருக்க வேண்டும்.

வண்டு முற்றிலும் அப்பாவி என்றும் சொல்ல மாட்டேன். பூசண வித்துகள் அதன் மயிரிலும் காலிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு மூட்டையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோகும்போது வித்தையும் விதைத்துக்கொண்டே போகும். ஆனால் காய்ந்த மூட்டைக்குப் போனால் அது விதைத்தது முளைக்காது.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அலுமினியம் பாஸ்பைடு ஈரத்தோடு சேர்ந்தால் பாஸ்பீன் என்ற வாயு கிளம்பும். நெல் எவ்வளவு ஈரமோ அவ்வளவு வேகம். கிடங்கில் காற்றுப் புகாத விரிப்பைப் போட்டு, பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. அதைப் பக்கத்து அறையில் குழந்தை தூங்கும் வீட்டில் துணியில் சுற்றி மூட்டைக்குள் செருகுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஆளைக் கொல்லும். அப்படிச் செய்து வண்டு செத்தாலும் பூசணமும் ஓதமும் அப்படியேதான் இருக்கும், அடுத்த மாதம் வேறு வண்டு வரும். மருந்து அடித்து இந்த வண்டை ஒழிக்கப் பார்ப்பது, கொள்முதல் நிலையத்தில் ஈரம் காட்டிய மீட்டரை உடைப்பது மாதிரி.

அப்படி உடைத்த அனுபவம் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. சித்தப்பா மகன் கும்பகோணத்துக்கு வெளியே வீடு கட்டினான். ஆடியில் பால் காய்ச்ச மாட்டார்கள், புரட்டாசியும் ஆகாது, அதனால் ஆவணியில் ஒரு முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். நாள் குறித்த பிறகு கொத்தனார் ஓட வேண்டியதுதான். ஆடி முழுக்கப் பூச்சு வேலை, பூசியதைக் காயவிடாமல் நாமே தண்ணீர் ஊற்றி ஊற்றி நனைக்கிற வேலை, உடனே பட்டி, அதன் மேல் இரண்டு கோட் பெயின்ட். பூச்சு வெளியே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே உள்ள தண்ணீர் போக மாதக்கணக்கில் ஆகும். பிளாஸ்டிக் மாதிரி படரும் பெயின்ட் வழியாக அது வெளியே வரவும் வழியில்லை. ஐப்பசி மழையில் வீட்டைப் பூட்டி வைத்தார்கள். கார்த்திகையில் பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளிகள், சுவரில் ஊரும் பழுப்பு வண்டுகள். "அண்ணே, புது வீட்டுக்கு வண்டு எப்படி வரும்? மரத்துல இருந்து வருதா?" என்று பதறினான். அறுபதாயிரம் ரூபாய்க்குப் போட்ட தேக்குக் கதவு அது, அவன் கவலை நியாயம்தான்.

பூச்சி மருந்து அடிக்கும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டான். வந்தவர்கள் தட்டிப் பார்க்கவில்லை, சுவரைத் தொட்டும் பார்க்கவில்லை. "மரத்தைத் துளைக்கிற வண்டு சார்" என்று சொல்லி, கதவு நிலைகளில் ஊசி போட்டு, நாலாயிரத்துச் சொச்சம் வாங்கிப் போனார்கள். மூன்று வாரத்தில் வண்டு திரும்ப வந்தது. மரம் துளைக்கிற வண்டாக இருந்தால் கதவில் வட்டத் துளையும் அடியில் மாவும் இருக்க வேண்டுமே, ஒன்றும் இல்லை. இந்த வண்டுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் 'பிளாஸ்டர் பீட்டில்', பூச்சு வண்டு. புதிதாகப் பூசிய வீடுகளில் வருவதால் வந்த பெயர். பூச்சை அது தின்பதில்லை. பட்டியில் உள்ள பசையிலும் படிந்த தூசியிலும் பிளைவுட்டின் பின்பக்கத்திலும் ஈரத்தில் பூசணம் பிடிக்கும், அதைத் தின்ன வருகிறது. பீரோவை ஒரு முழம் முன்னால் இழுத்து, ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியை ஒரு வாரம் ஓடவிடச் சொன்னேன். தையில் வெயில் ஏறியதும் வண்டைக் காணோம். ஊசி போட்டவர்களுக்குக் கொடுத்த பணம்தான் திரும்பவில்லை.

இங்கே எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பொங்கலுக்கு வெள்ளை அடிப்பது. அடைமழை முடிந்து, சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடக்கும் மார்கழிக் கடைசியில் சுண்ணாம்பு பூசுவார்கள். நீர்த்த சுண்ணாம்பின் கடுங்காரத்தில் பூசணம் பிழைக்காது, சுண்ணாம்புப் பூச்சு வழியாகச் சுவரின் ஈரமும் வெளியேறும். இதைத் தெரிந்துதான் வைத்தார்கள் என்று பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் நாள் பொருந்தியிருக்கிறது. இப்போது பத்து வருட வாரண்டி பெயின்ட் அடித்துவிட்டு அந்த வேலையை விட்டுவிட்டோம்.

நெல் வைக்கும் பழைய முறைகளையும் அதே கண்ணால் பார்க்கலாம். மிராசு வீட்டுப் பத்தாயத்துக்குக் கால் உண்டு, தரையைத் தொடாது. சேர் என்னும் வைக்கோல் நெற்கூடு கட்டுகிறவர்கள் வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றி, அடியில் கனமாக வைக்கோலைப் பரப்பிவிட்டுத்தான் நெல்லைக் கொட்டுவார்கள். பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இன்னும் நிற்கிறது. மேலே கூம்பாக, மழை ஒரு சொட்டு நிற்காமல் வழிந்துபோகும் வடிவம். தரையிலிருந்தும் மேலிருந்தும் வரும் தண்ணீரைத்தான் எல்லோரும் எதிரியாக நினைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

வைக்கோல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வண்டுக்கு வீடு என்பது பின்னால் வந்த இடம். காய்ந்த இலைச்சருகு, பட்ட மரத்தின் பட்டை, பறவைக் கூடு, வைக்கோல் போர் இவைதான் சொந்த ஊர். மழையில் நனைந்த போரின் அடிவைக்கோலைப் பிடுங்கி வெள்ளைத் துணியில் உதறினால் இந்தக் குடும்பத்து வண்டுகள் விழும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் தென்னையையும் மாமரத்தையும் படுக்க வைத்துவிட்டுப் போனதே, அப்படி விழுந்து மக்குகிற மரங்களும் பூசணம் தின்னும் வண்டுகளுக்கு விருந்துதான். சாணக் குப்பையிலும் மக்கிய கட்டையிலும் மழைக்குப் பிறகு மஞ்சள் கரு உடைந்து வழிந்ததுபோல ஒன்று படரும், பார்த்திருப்பீர்கள். செடியும் இல்லை, சரியான பூசணமும் இல்லை என்கிற அந்த விநோத உயிரின் வித்தை மட்டும் தேடித் தின்னும் இனங்கள்கூட இந்தக் குடும்பத்தில் உண்டு. இவை நம் கொல்லையில் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை.

வைக்கோலோடும் சரக்கோடும் கப்பலேறி உலகம் சுற்றியவை இந்த வண்டுகள். கார்டோடெரே நோடிஃபர் என்ற இனம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கத்திலிருந்து போய் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் குடியேறிவிட்டது. பால்டிக் கடலோரத்தில் கிடைக்கும், பல கோடி ஆண்டுப் பழைய அம்பர் பிசினுக்குள் இந்தக் குடும்பத்து வண்டுகள் சிக்கிக் கிடக்கின்றன. இன்றைய வண்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

மனித வீட்டில் இவை எப்போது நுழைந்தன என்பதற்கு ஒரு நல்ல சாட்சியும் இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க் நகரில் கோப்பர்கேட் என்ற இடத்தில் 1976 முதல் 1981 வரை தோண்டினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வைக்கிங் காலத்து வீடுகளின் தரை மண்ணைச் சலித்தபோது, லாட்ரிடியஸ் மினுட்டஸ் வகை வண்டுகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. 1767-ல் லின்னேயஸ் பெயர் வைத்த இனம் அது. கூரையிலும் தரையிலும் வைக்கோலும் புல்லும் இருந்தன, அவை ஈரமாக இருந்தன என்று எலும்பையும் பானை ஓட்டையும் பார்த்துச் சொல்ல முடியாததை இந்த வண்டு ஓடு சொன்னது. அகழாய்வில் பூச்சி படிப்பவர்கள் இன்றும் இதை 'வீட்டுக்குள் வாழ்ந்த பூச்சி' வரிசையில் வைக்கிறார்கள். நம்முடைய கீற்று வேய்ந்த, வைக்கோல் வேய்ந்த வீடுகளின் தரையை யாராவது இப்படிச் சலித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

காகிதமும் ஓலையும் உள்ள இடங்களுக்கும் இது வரும். மேல்நாடுகளில் உலர்ந்த செடிகளைச் சேகரித்து வைக்கும் ஹெர்பேரியங்களில் டயனரெல்லாவைப் பார்ப்பது சகஜம். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிக் கட்டுகளுக்கு இடையே வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்துச் சின்னப் பொட்டலமாக வைக்கும் வழக்கம் உண்டு. இரவில் பெயர் சொல்லக் கூடாது என்று 'பேர் சொல்லாதது' என்பார்களே, அந்த வசம்புதான். வாசனைக்குப் பூச்சி ஒதுங்கும். ஆனால் சுவடியைக் காப்பாற்றுவதில் பாதி வேலை, அவ்வப்போது கட்டைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் தடவுகிற கைகளுடையது. பிரிக்காத கட்டில் பூசணம் வந்தே தீரும். வீட்டுப் பரணில் வருடம் முழுக்கப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கும் கொலு பொம்மைகளுக்கும் இது பொருந்தும். காகிதக்கூழில் செய்த தலையாட்டி பொம்மை என்றால் கூடுதலாகவே.

வயலில் ஒரு கிளைக்கதை. நெற்கதிரில் மணிக்குப் பதிலாக மஞ்சளும் பச்சையுமாக உருண்டை பிடிப்பதை நெற்பழம் என்கிறோம், லட்சுமி நோய் என்றும் சொல்வார்கள். அது பூத்தால் அந்த வருடம் விளைச்சல் அமோகம் என்று பெரியவர்கள் நம்பினார்கள். நல்ல மழை, நல்ல ஈரம் இருந்த வருடத்தில் விளைச்சலும் கூடும், பூசணமும் கூடும். அடையாளம் சரி, காரணம்தான் மாறிப்போனது. பழுப்பு வண்டைப் பார்த்து நெல் போச்சு என்று பதறுவது அதே தவறின் மறுபக்கம்.

சரி, அத்தை வீட்டில் என்ன செய்தோம்? பூசணம் பிடித்த இரண்டு மூட்டையைத் தனியே பிரித்தோம். நிறம் மாறி வாடை அடித்த நெல்லை மாட்டுக்குக்கூடப் போடவில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் இனங்களில் சில அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும், பாலிலும் அது வரும். அதை எருக்குழியில் கொட்டினோம். மீதி ஒன்பது மூட்டையை, மழை விட்ட மூன்று நாள் வெயிலில் மாடியில் பரப்பி, மணிக்கொரு முறை காலால் துழாவிவிட்டோம். காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் வேண்டியதில்லை என்றார் அத்தை. ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். முதல் நாள் அது நசுங்கியது. மூன்றாம் நாள் 'டக்'கென்று உடைந்தது. சாயங்காலச் சூடு ஆறிய பிறகுதான் மூட்டை கட்டினோம். சூட்டோடு கட்டினால் ராத்திரியில் உள்ளே வேர்க்கும்.

அறையில் பனஞ்சட்டம் நான்கைக் கிடத்தி அதன் மேல் அடுக்கினோம், சுவருக்கும் மூட்டைக்கும் ஒரு முழம் இடைவெளி. பழைய சாக்குகளைக் கொதிநீரில் முக்கிக் காயப்போட்டோம். அத்தை நொச்சியையும் வேப்பிலையையும் பச்சையாக ஒடித்து மூட்டைக்குள் போட வந்தார். பச்சை இலையில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே, நிழலில் சருகாகக் காய்ந்த பிறகு போடலாம் என்று மட்டும் தடுத்தேன். பொங்கலுக்கு அந்த அறைக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தார், மற்ற அறைகளுக்குப் பெயின்ட் இருந்தது.

தையில் மறுபடி நாள்காட்டித் தாளை விரித்துப் புடைத்துப் பார்த்தோம். இரண்டு வண்டு கிடந்தன, இரண்டும் செத்து, கால் மடங்கி. அத்தை லென்சைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

மாசியில் போன் வந்தது. "தம்பி, மறுபடி வண்டுடா" என்றார். பூசணம் இருக்கிறதா, வாடை அடிக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நெல்லு கடக்குனு உடையுது. ஆனா இதுக்கு மூக்கு இருக்கு."